அடிக்கிறவர் சபைக் கமிட்டியில் இருக்கலாமா?

ராயபுரம் டீச்சர்:
எங்கள் சபையில் போன மாதம் நடந்தது. பாடகர் குழுவில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி உதடு கிழிந்து ஆராதனைக்கு வந்தாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். புருஷன் அடித்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கமிட்டி மெம்பர். அன்றைக்குக் காணிக்கைப் பை எடுத்ததும் அவர்தான்.

பெண்கள் ஐக்கியத்தில் பேசி, கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தோம். மனைவியை அடிக்கிறவர் திருந்தும்வரை எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது, 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வளாகத்தில் ஒட்ட வேண்டும், இவ்வளவுதான் கேட்டோம். "வீட்டு விஷயத்தை சர்ச்சுக்குள்ள கொண்டு வராதீங்கம்மா" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கல்மண்டபம் பெரியவர்:
டீச்சரம்மா, அடிப்பதைச் சரி என்று நான் சொல்லவில்லை. முப்பது வருஷம் கமிட்டியில் இருந்தவன் நான். ஸ்டேஷன் வரை போன குடும்பம் திரும்ப ஒட்டி நான் பார்த்ததில்லை. எத்தனையோ வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்குப் போதகர் ஐயரும் நானும் போய் உட்கார்ந்து, ஜெபித்து, சேர்த்து வைத்திருக்கிறோம். பொறுப்பிலிருந்து எடுத்தால் அந்த ஆள் சபைக்கே வரமாட்டான். அப்புறம் அவனுக்கு யார் புத்தி சொல்வது?

திருவொற்றியூர் அக்கா:
என்னையும் அப்படித்தான் சேர்த்து வைத்தார்கள் ஐயா. மூன்று முறை. வந்தவர்கள் முதலில் என்னிடம்தான் கேட்டார்கள்: "அவர் கை நீட்டுற அளவுக்கு நீ என்னம்மா சொன்ன?" அவர் முழங்கால் போட்டு அழுவார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லி, காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். படியிறங்கும் சத்தம் நின்றதும் கதவைத் தாழ்ப்பாள் போடுவார். மூன்றாவது முறை மணிக்கட்டு உடைந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்.

மறுவாரம் ஒருவராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு "எப்படி இருக்கே" என்று கேட்டதில்லை. நீங்கள் சேர்த்து வைத்ததாகச் சொல்லும் வீடுகளின் கணக்கில் என் வீடும் இருக்கும்.

வியாசை தம்பி:
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நம் ஏரியாவில் பாதிக்குக் காரணம் குடிதானே? குடியை நிறுத்த சபை வழி செய்தால் அடியும் நின்றுவிடாதா?

திருவொற்றியூர் அக்கா:
தம்பி, அவர் வேலை பார்த்தது காசிமேட்டில், விசைப்படகில். குடித்துவிட்டு ஒரு நாளாவது போட் ஓனரை அடித்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரரையும் அடித்ததில்லை. எவ்வளவு போதையிலும் யாரை அடிக்கலாம் என்று சரியாகத் தெரிந்திருந்தது. குடிக்கு வைத்தியம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடிக்கு அதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

வக்கீல் தங்கச்சி:
வீட்டு விஷயம் என்று சட்டம் சொல்லவில்லை. 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி, ஒரு பெண்ணுக்கு அடி விழுகிறது என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. போதகரும் சொல்லலாம், கமிட்டியும் சொல்லலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. கோர்ட் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில். விவாகரத்து கேட்டுத்தான் இந்தச் சட்டத்துக்குள் வரவேண்டும் என்பதும் இல்லை, பெரியவர் அதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. 1869-ஆம் வருஷ விவாகரத்துச் சட்டத்தை 2001-இல் திருத்தும்வரை, புருஷன் அடிக்கிறான் என்பதை மட்டும் சொல்லி ஒரு கிறிஸ்தவப் பெண் விவாகரத்து வாங்க முடியாது. கூடவே அவன் வேறொருத்தியோடு போனதையும் நிரூபிக்க வேண்டும். நம் அம்மாக்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அவர்களுக்கு வேறு வழி இருந்ததா?

கல்மண்டபம் பெரியவர்:
சட்டம் சரி. வேதமும் இருக்கிறதே, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியரில். அதை யாரும் பேசுவதில்லை.

ராயபுரம் டீச்சர்:
பேசுகிறோம் ஐயா, கல்யாணத்துக்குக் கல்யாணம் அதைத்தான் வாசிக்கிறோம். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தையும் எடுங்கள். கண்காணியாக, அதாவது சபையை மேற்பார்க்கிறவனாக இருக்கிறவன் எப்படி இருக்கக் கூடாது என்ற வரிசையில் மதுபானப்பிரியனுக்கு அடுத்த வார்த்தையே "அடிக்கிறவனும்" என்பதுதான். சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று இரண்டு வசனம் தள்ளிக் கேட்கிறார் பவுல். நாங்கள் எழுதிக் கொடுத்ததில் புதிதாக எதுவும் இல்லை.

வேறு மதத்தில் தாலி கட்டிக்கொண்டு போன பெண்ணைத் திருவிருந்திலிருந்து விலக்கினோமே, அப்போது அது வீட்டு விஷயமாக இல்லையா? அவள் சபைக்கு வராமல் போவாளே என்று யாராவது கவலைப்பட்டோமா? அந்தத் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

கல்மண்டபம் பெரியவர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லையம்மா. நோட்டீஸ் ஒட்டுங்கள், நான் கமிட்டியில் பேசுகிறேன். பொறுப்பிலிருந்து எடுப்பதற்கு என்னால் இன்னும் சம்மதிக்க முடியவில்லை. முதலில் அந்தப் பையனை நான் ஒரு தடவை பார்த்துப் பேசுகிறேன்.

திருவொற்றியூர் அக்கா:
ஐயா, தயவுசெய்து வேண்டாம். அவனைப் பார்த்துவிட்டு நீங்கள் வந்துவிடுவீர்கள், அந்த ராத்திரி அவள்தான் அங்கே இருக்க வேண்டும். டீச்சர் முதலில் அவளிடம் தனியாகப் பேசட்டும். என்ன செய்யலாம் என்று அவள் சொல்லட்டும்.

ராயபுரம் டீச்சர்:
பேசுகிறேன் அக்கா. வியாழக்கிழமை கொயர் பிராக்டிஸுக்குப் புருஷன் இல்லாமல் அவள் தனியாகத்தான் வருவாள். நோட்டீஸை வாசலில் ஒட்டவில்லை, பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுகிறேன். நம்பரை யார் குறித்துக்கொண்டார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.