பொருள்: ‘ஆயில் சீல்’ தமிழில் என்ன? முத்திரை மட்டும் வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

என் பழைய பிக்கப் மூன்று வாரமாக வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. சிவப்புக் கோலம். அடியில் அட்டைப்பெட்டியை விரித்து வைத்துக் காலையில் தொட்டுப் பார்த்தால் பிசுக்கு. இன்ஜின் ஆயிலானால் கறுத்திருக்கும். என் வண்டியில் பவர் ஸ்டீரிங்குக்கு ஊற்றுவது ஏடிஎஃப் என்ற சிவப்பு எண்ணெய். ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது பம்ப் முனகியதும் சேர்ந்துகொண்டது.

செந்தூலில் நான் வழக்கமாகப் போகும் போமன் (மெக்கானிக்) கீழே படுத்துப் பார்த்துவிட்டு, “ஹோஸ் ரெண்டும் நல்லா இருக்கு, பம்ப் ஆயில் சீல்தான் போச்சு” என்றார். பம்பைக் கழற்றி அந்த ரப்பர் வளையத்தை என் கையில் வைத்தார். மாதம் ஒரு கலைச்சொல்லுக்காக இங்கே மல்லுக்கட்டும் எனக்கு அதற்குத் தமிழில் பெயர் தெரியவில்லை. அகராதி ‘முத்திரை’ என்கிறது. எண்ணெய் முத்திரை என்றால் அஞ்சலகத்தில் குத்துவார்கள்.

‘அடைப்பு’ என்று வைக்கலாமே என்பீர்கள். மாரடைப்பு, லோங்காங் (சாக்கடை) அடைப்பு என்று கெட்ட சகவாசம் அந்தச் சொல்லுக்கு நிறைய உண்டு. அதைவிட முக்கியமானது, இது எதையும் அடைப்பதில்லை. பெல்ட் சுற்றும் தண்டு இதன் நடுவில் ஓயாமல் சுழல வேண்டும், எண்ணெய் மட்டும் வெளியே வரக் கூடாது. அதற்காக மெல்லிய ரப்பர் இதழ் ஒன்று தண்டைத் தழுவி நிற்கிறது. பிடி தளராமல் இருக்க இதழின் முதுகில் நூல் போன்ற ஒரு சுருள்வில். ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் அழுத்தக் குழாயில் எண்ணெயின் அழுத்தம் 70 பாரைத் தாண்டும். டயருக்கு நாம் அடிப்பது 2 பார் சொச்சம்தான். ஆனால் இந்த வளையம் நிற்பது பம்பின் அழுத்தம் குறைந்த பக்கத்தில். அதனால்தான் இது கெட்டால் பீய்ச்சாது. முதலில் கசியும், அப்புறம் சொட்டும், கவனிக்காமல் விட்டால் ஒழுகும். (நம்மிடம் இத்தனை சொல் இருக்க, போமன் மட்டும் எல்லாவற்றுக்கும் ‘போச்சோர்’ என்ற மலாய்ச் சொல் ஒன்றையே வைத்து ஓட்டுகிறார்.)

என் பரிந்துரை: கசிகாப்பு. காப்பு என்றால் காவலும் ஆகும், கையில் போடும் வளையமும் ஆகும். வளைகாப்பு நடத்துகிறோம், தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டுகிறோம். இந்தப் பொருளும் வளையம், காவல் இரண்டும்தான். ‘எண்ணெய்க்காப்பு’ என்றுதான் முதலில் நினைத்தேன். அதை மார்கழியில் ஆண்டாள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

செந்தூலிலிருந்து

---

தம்பிக்கு வணக்கம்.

காப்பு அருமை. கசிகாப்பு ஆகாது. ஊறுகாய், சுடுசோறு போல அது வினைத்தொகை ஆகிவிடுகிறது. கசிந்த காப்பு, கசிகின்ற காப்பு, கசியும் காப்பு. முக்காலத்திலும் ஒழுகும் பொருளுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? உங்கள் வண்டியிலிருந்து கழற்றியதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும்.

‘கசிவுக்காப்பு’ என்று வையுங்கள். கசிவையே காப்பாற்றுவது என்று யாராவது குதர்க்கம் பேசினால், மழைக்காப்பு மழையையா காப்பாற்றுகிறது என்று கேளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

---

ஐயா,

தலைவணங்குகிறேன். கசிவுக்காப்பே இருக்கட்டும். சுழலும் தண்டில் இருப்பதைத் ‘தண்டுக் கசிவுக்காப்பு’ என்று பிரித்துச் சொல்லலாம். இணைப்புகளில் சும்மா நசுங்கிக் கிடக்கும் ஓ-ரிங்கை இதில் சேர்க்க எனக்கு மனமில்லை. அது அசையாத இடத்தில் அடைத்துக்கொண்டு நிற்பது. அதற்கு ‘அடைப்பு வளையம்’ போதும்.

வண்டி நேற்று முடிந்தது. புதியதை மாட்டுமுன் போமன் தண்டை நகத்தால் வருடிப் பார்த்தார். பழைய இதழ் உரசி அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை காப்பு மாற்றினாலும் கசியுமாம். நல்லவேளை, வழவழப்பாகவே இருந்தது. இதழில் கொஞ்சம் ஏடிஎஃப் தடவி, சுருள்வில் தெரியும் பக்கம் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வைத்து, நேராகத் தட்டி இறக்கினார். அப்புறம் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினைப் போடாமலே ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என்னைத் திருப்பச் சொன்னார். காற்று வெளியேறத்தான். தொட்டியில் குமிழி நிற்கும்வரை திருப்பியதில் இன்று தோள் வலிக்கிறது.

நடுவில் நம் சொல்லையும் அவரிடம் சொன்னேன். “நல்லாத்தான் இருக்கு, பில்லுல இடம் பத்தாதே” என்றார். பில்லைப் பிரித்துப் பார்த்தால், பெல்ட்டுக்கும் கூலிக்கும் நடுவில் ‘க. காப்பு – 1’.

செந்தூலிலிருந்து