நீச்சல் குளத்து நீரின் வெப்பம்: கருந்தரையா, கவரா?

தோட்டத்துவீடு:
கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து மோதும் இடத்தில் எங்கள் தோட்டத்து வீடு இருக்கிறது. அங்குள்ள நீச்சல் குளம் 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரியாக 1.2 மீட்டர் ஆழமும் கொண்டது. மார்கழியிலும் தையிலும் காலையில் தண்ணீரில் கால் வைக்க முடிவதில்லை. வெள்ளை டைல்கள் பெயர்ந்து வருவதால் எப்படியும் மாற்றியாக வேண்டும். கருஞ்சாம்பல் நிறத்தில் பதித்தால் வெயிலே தண்ணீரைச் சூடாக்கிவிடும் என்கிறார் மேஸ்திரி. நிறத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தண்ணீர்மேல் பபிள் கவர் (காற்றுக் குமிழ்கள் கொண்ட பிளாஸ்டிக் விரிப்பு) விரித்தால் போதும் என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வதைக் கேட்பது?

கருங்கல்:
மேஸ்திரி சொல்வதே சரி. வெள்ளைத் தரை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கருந்தரையோ அதை விழுங்கி, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீருக்கே வெப்பமாகக் கொடுக்கிறது. ஒருமுறை பதித்துவிட்டால் அதன் பிறகு வேலையே இல்லை. கவரை நாள்தோறும் சுருட்டவும் விரிக்கவும் ஆள் வேண்டும். முதல் மாத உற்சாகம் போனதும் அது பம்ப் அறையின் மூலையில்தான் கிடக்கும்.

ஆவிக்கணக்கு:
கருந்தரை வெப்பத்தை விழுங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எவ்வளவு என்பதே கேள்வி. இக்குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அதை ஒரு டிகிரி சூடாக்க, மின்சாரத்தை அளக்கும் அதே யூனிட் கணக்கில், ஏறத்தாழ 70 யூனிட் வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 5 யூனிட் வெயில் விழுகிறது என்று கொண்டால் குளம் முழுவதற்கும் 250 யூனிட் வருகிறது. சூரிய ஆற்றலில் பாதியளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். அவற்றைத் தரையின் நிறம் எதுவானாலும் தண்ணீரே மேல்மட்டத்தில் உறிஞ்சிக்கொள்கிறது. தரை வரை இறங்கும் ஒளியிலும், வெள்ளை டைல் திருப்பி அனுப்புவதில் ஒரு பங்கு மேலேறும் வழியில் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கருந்தரையால் கிடைக்கும் கூடுதல் வெப்பம் நாளொன்றுக்கு 50 யூனிட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அது 0.7 டிகிரிதான்.

இப்போது இழப்பைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.68 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நாளுக்கு 5 மில்லிமீட்டர் மட்டம் இறங்கினால் 250 லிட்டர், அதாவது 170 யூனிட், கிட்டத்தட்ட 2.4 டிகிரி. கருந்தரை கொடுத்த சூட்டையும் காற்று விட்டுவைப்பதில்லை, ஏனென்றால் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆக ஆக ஆவியாவதும் கூடுகிறது. அந்த வழியை அடைப்பது கவர் ஒன்றுதான்.

கருங்கல்:
கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் பகலில் கவர் விரித்திருந்தால் வெயிலில் ஒரு பகுதி அதிலேயே தடைபடும் என்பதை விட்டுவிட்டீர்கள். சந்தையில் அதிகம் கிடைக்கும் நீலக் கவர் நிறமற்றதைவிடக் கூடுதலாகவே மறைக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதற்கு எதற்குச் செலவு?

ஆவிக்கணக்கு:
அந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறேன். வெயிலை உள்ளே விடும் நிறமற்ற பபிள் கவரையே வாங்க வேண்டும். குமிழ்கள் தண்ணீரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பகலில் விரிக்க முடியாவிட்டால் இரவில் மட்டுமாவது விரிக்கலாம். இரவில் மறைப்பதற்கு வெயில் ஏது?

கரையோரம்:
பல ஆண்டுகளாக நீச்சல் கற்றுத்தருபவன் என்ற முறையில், வெப்பத்தை விட்டு வேறொன்றைச் சொல்கிறேன். கருந்தரையில் மூழ்கிக் கிடக்கும் குழந்தையைக் கரையிலிருந்து பார்ப்பது கடினம். கவரிலும் ஆபத்து உண்டு: பாதி சுருட்டிய கவருக்கடியில் யாரும் நீந்தவே கூடாது, அதன்மேல் விழும் குழந்தையை அது தாங்கவும் தாங்காது. சென்னைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சித்திரை வெயிலில் கவர் விரிக்க வேண்டாம். அங்கே தண்ணீர் வெந்நீராகிவிடும் என்பதே சிக்கல், இரவில் திறந்து வைத்தால்தான் தணியும். போட்டி நீச்சலுக்கே 25 முதல் 28 டிகிரிதான் விதி.

தோட்டத்துவீடு:
கவர் விரிக்காத குளத்தின் படியில் ஒரு வாளித் தண்ணீரை, விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, உள்மட்டத்தைக் கோடிட்டுப் பார்த்தேன். மூன்று நாளில் 14 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, நீங்கள் சொன்ன நாளுக்கு 5 மில்லிமீட்டருக்கு நெருக்கம்தான். புது டைல் வெளிர்நீலமாக இருக்கட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு வருத்தம்தான். நிறமற்ற கவருக்கு அளவு கொடுத்திருக்கிறேன்.

கருங்கல்:
வெளிர்நீலம் என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை, நடுநீலமாவது பதித்திருக்கலாம். கவர் வாங்குவதென்றால் சுருட்டும் உருளையையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் கவர் அடுத்த தோட்டத்துத் தென்னையில் போய்த் தொங்கும்.