ஸ்கேன் கோப்புறையில் சேரும் பழைய கோப்புகளைத் தானாக நீக்குவது எப்படி?

கேள்வி (போட்டோஸ்டேட் கடைக்காரர், சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். செம்பனைத் தோட்டங்களிலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் அடையாள அட்டை, எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ், சம்பளச் சீட்டு முதலியவற்றை ஸ்கேன் செய்துகொண்டும், பென்டிரைவில் கொண்டுவருவதை அச்சிட்டுக்கொண்டும் போகிறார்கள். பிரதிகள் என் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. விண்டோஸில் தேவையற்ற கோப்புகளைத் தானாக நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியை இயக்கி இரண்டு மாதமாகியும், டி டிரைவிலுள்ள ஸ்கேன் கோப்புறையில் ஒரு கோப்புகூடக் குறையவில்லை. ஏழு நாள் கடந்தவை தாமாக நீங்க வழி உண்டா?

பதில் 1:
ஐயா, அவ்வசதி பழுதாகவில்லை. அது விண்டோஸ் இருக்கும் டிரைவை, அதாவது பெரும்பாலும் சி டிரைவை மட்டுமே கவனிக்கும். அங்கும் தற்காலிகக் கோப்புகள், குப்பைத்தொட்டி போன்றவற்றைத்தான் துப்புரவாக்குமே தவிர, நீங்களாக உருவாக்கிய கோப்புறையைத் தொடாது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில், பழைய கோப்புகளைத் தேதி பார்த்துத் தேர்ந்து நீக்க உதவும் ஃபார்ஃபைல்ஸ் கட்டளையை நாள்தோறும் ஓடவிடுங்கள். கோப்புறையின் முழுப் பாதையையும் கட்டளையில் எழுத மறக்காதீர்கள். பாதை இல்லாவிட்டால் அது தான் தொடங்கிய இடத்திலேயே வேலையைக் காட்டும்; ஷெட்யூலர் வழக்கமாகத் தொடங்கும் இடமோ விண்டோஸ் இயங்கத் தேவையான கோப்புகள் உள்ள சிஸ்டம்32 கோப்புறை!

பதில் 2:
பாதையைப் பற்றிய எச்சரிக்கை சரியானது, ஆனால் இந்தக் கடைக்கு ஃபார்ஃபைல்ஸ் பொருந்தாது. அது கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியையே பார்க்கிறது; பென்டிரைவிலிருந்து நகலெடுக்கும்போது அந்தத் தேதி மாறாமல் அப்படியே வந்துவிடும். ஆகவே, போன வருடம் எழுதிய வேலை விண்ணப்பத்தை ஒருவர் இன்று காலையில் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த முறை கட்டளை ஓடும்போதே அது அழிந்துவிடும். உருவான தேதியோ நகலெடுத்த நேரத்தைக் காட்டும். விண்டோஸில் கட்டளைகளை எழுதி இயக்கும் பவர்ஷெல்லில், உருவான தேதியைத் தரும் கிரியேஷன்டைம் மதிப்பை ஒப்பிட்டு நீக்குங்கள். முதல் சில நாள்களுக்கு நீக்கும் கட்டளையோடு வாட்இஃப் என்பதைச் சேர்த்தால், எவை போகும் என்ற பட்டியல் மட்டுமே வரும், எதுவும் அழியாது. இவ்வாறு நீக்கப்படுபவை குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை என்பதால் இந்தப் பொறுமை அவசியம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வாட்இஃப் போட்டுப் பார்த்தேன். பட்டியல் சரியாகவே வந்தது. ஆனால் இடி மின்னலுக்குப் பயந்து இரவில் மெயின் சுவிட்சை அடைத்துவிடுவேன். நள்ளிரவுக்குக் குறித்துவைத்த நீக்கும் வேலை எப்படி ஓடும்?

பதில் 1:
திருத்தத்தை ஏற்கிறேன், நகலெடுத்த கோப்புகளை நான் யோசிக்கவில்லை. ஷெட்யூலரின் அமைப்புகளில், தவறிய வேலையைக் கணினி இயங்கியதும் இயன்ற விரைவில் செய்யச் சொல்லும் தெரிவு உள்ளது. அதைக் குறியிட்டால் போதும். மேலும், மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பின்னும் பிறர் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. அடையாள அட்டைப் பிரதிகளுக்கு ஏழு நாளே அதிகம் ஐயா. அவற்றைத் தனிக் கோப்புறையில் போட்டு ஒரே நாளில் நீக்குங்கள். கோயில் திருவிழா அழைப்பிதழ் போன்று அடுத்த வருடமும் வேண்டியவற்றை ஸ்கேன் கோப்புறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.