பேசில் இலை: பெஸ்டோ கறுத்துப் போகிறது, மீதி இலையை எதில் போடலாம்?

மாடித்தொட்டி கேட்டது:

வணக்கம். தொட்டியில் ஜெனோவீஸ் பேசில் (இத்தாலிய ரகம்) நன்றாகத் தழைத்திருக்கிறது. வாரத்துக்கு 100 கிராம் வரை பறிக்கலாம். ஆனால் பெஸ்டோவை (பேசில் இலை, கொட்டை, சீஸ், ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைக்கும் இத்தாலிய விழுது) மிக்ஸியில் அரைத்தால் அரைமணி நேரத்தில் பாசி நிறத்துக்கு வந்துவிடுகிறது, மறுநாள் கறுப்பு. லேசான கசப்பும் இருக்கிறது. பறித்த இலையை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளில் கரும்புள்ளி. பைன் கொட்டை விலை கட்டுப்படியாகவில்லை, அதற்குப் பதில் எது சரி? பாஸ்தா தவிர வேறு எதில் போடலாம்? வீட்டுத் துளசியைக் கலந்தால் ஆகுமா?

அம்மிக்கல் பதில்:

முதலில் ஃபிரிட்ஜ் விஷயம். பேசில் வெப்பமண்டலச் செடி, குளிர் ஆகாது. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலையின் செல்கள் சிதைந்து கறுக்கும். அதனால் தண்டோடு வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வெளியிலேயே வையுங்கள். மேலே ஒரு பாலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, தினமும் தண்ணீர் மாற்றினால் நாலைந்து நாள் நிற்கும்.

பெஸ்டோ கறுப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். இலை கிழிந்ததும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது, வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது போல. மிக்ஸியின் சூடு அதை வேகப்படுத்துகிறது. இரண்டு மூன்று நாள் வைத்துச் சாப்பிட வேண்டுமென்றால், கொதிக்கும் தண்ணீரில் இலையை 10 விநாடி மட்டும் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். ஈரம் இருந்தால் விழுது நீர்த்துவிடும்.

அளவு: தண்டு நீக்கிய இலை 60 கிராம் (100 கிராம் கட்டில் ஏறக்குறைய இவ்வளவுதான் தேறும்), பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி 30 கிராம், துருவிய பார்மசான் சீஸ் 50 கிராம், பூண்டு ஒரு சின்னப் பல், ஆலிவ் எண்ணெய் 100 மில்லி, கல்லுப்பு அரை டீஸ்பூன். முந்திரியை வறுக்க வேண்டாம், வெறும் சட்டியில் ஈரம் போகச் சூடாக்கினால் போதும். வறுத்த வேர்க்கடலை போட்டால் கடலை வாசம்தான் மேலே நிற்கும்.

சட்னி ஜாரைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, முந்திரி, பூண்டு, உப்பை முதலில் பொடித்து, பிறகு இலையும் கால்வாசி எண்ணெயும் சேர்த்து விட்டு விட்டு ஓட்டுங்கள். மீதி எண்ணெயையும் சீஸையும் கிண்ணத்தில் கரண்டியால் கலக்க வேண்டும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் வேகமாக அடித்தால் கசக்கக்கூடும். உங்கள் கசப்புக்கு அது காரணமாக இருக்கலாம். இல்லையென்றால் பூ விட்ட செடியின் இலை, காறிப்போன கொட்டை, பூண்டின் நடுவிலுள்ள பச்சை முளை, இவற்றில் ஒன்று.

கல்லுரல் பதில்:

அன்றே சாப்பிடுவதற்கு வெந்நீரில் முக்குவதை நான் ஏற்க மாட்டேன். நிறம் நிற்கும், வாசம் பாதி போய்விடும். பேசிலுக்கு வாசம்தானே எல்லாம்! நான்கு பேருக்கான பெஸ்டோவை இடிகல்லில் 15 நிமிடத்தில் செய்துவிடலாம். பூண்டும் கல்லுப்பும் முதலில், அடுத்து கொட்டை, அப்புறம் இலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, குத்தாமல் சுற்றுச்சுவரில் தேய்த்து அரைக்க வேண்டும். கல்லுப்புதான் இங்கே அரம். தூளுப்பு போட்டால் இலை வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, பெஸ்டோவை அடுப்பில் வைக்கவே கூடாது. வாயகன்ற பாத்திரத்தில் பெஸ்டோவைப் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீர் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்தி, வடித்த பாஸ்தாவை அதில் புரட்டினால் போதும். சட்டியில் சூடேற்றினால் சீஸ் திரிந்து கட்டியாகும், எண்ணெய் தனியே பிரியும்.

பாங்காக்_கடாய் பதில்:

துளசியைப் பெஸ்டோவில் கலக்காதீர்கள், கிராம்பு நெடி தூக்கிவிடும். அதற்குச் சரியான இடம் தாய்லாந்தின் பட் கப்ராவ், அதாவது துளசி போட்டு வதக்கிய கைமா. அங்கே கப்ராவ் என்பது நம் துளசி இனமேதான், ரகம்தான் வேறு. நம் வீட்டுத் துளசியில் காட்டம் கூடுதலாக இருந்தால் பாதி அளவு போடுங்கள்.

இருவருக்கு: கோழிக் கைமா 250 கிராம், பூண்டு 5 பல், காந்தாரி மிளகாய் 4. பூண்டையும் மிளகாயையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். விழுதானால் அடிப்பிடித்துக் கருகும். கடாயில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் இடித்ததைப் போட்டு 20 விநாடி, உடனே கைமா. கட்டி உடைத்து, தண்ணீர் சுண்டும்வரை முழுத் தீயில் வதக்குங்கள். ஆய்ஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், மீன் சாஸ், சோயா சாஸ், சர்க்கரை தலா 1 டீஸ்பூன். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கைப்பிடி இலையைப் போட்டு இரண்டு புரட்டு. அரைக் கிலோவை ஒரே தடவையில் போட்டால் கடாய் ஆறி, கறி தண்ணீர் விட்டு வெந்துவிடும், வதங்காது. சூடான சோறும், ஓரம் முறுகிய முட்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

தாய்லாந்தின் தேங்காய்ப்பால் கிரீன் கறிக்குப் போடுவது இதுவல்ல, ஹோரபா என்ற சோம்பு வாசமுள்ள தாய் பேசில். அதுவும் உங்கள் ஜெனோவீஸும் நம்மூர் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனத்தின் ரகங்கள். திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். சோம்பு வாசம் வந்தால் தேங்காய்ப்பால் கறியில் தயங்காமல் போடலாம்.

மாடித்தொட்டி:

மிக்க நன்றி. தக்காளி சாஸில் இலையை எப்போது போடுவது? நிறைய இலை சேர்ந்தால் ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு வைக்கலாமா?

அம்மிக்கல் பதில்:

எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கவே வேண்டாம். ஈரமுள்ள இலையோ பூண்டோ காற்றுப்படாமல் எண்ணெய்க்குள் இருந்தால் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கொடிய நஞ்சு உருவாக வாய்ப்புண்டு. நாற்றமோ நிறமாற்றமோ காட்டிக்கொடுக்காது. ஃபிரிட்ஜில் என்றாலும் நான்கு நாள்தான். அதிகப்படியான இலையை எண்ணெயோடு அரைத்து, சீஸ் சேர்க்காமல் ஐஸ் டிரேயில் உறையவிட்டு, கட்டிகளைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் வரும். கட்டி உருகிய பிறகு சீஸைச் சேருங்கள். காயவைப்பது வீண், வைக்கோல் வாசம்தான் மிஞ்சும்.

சாஸுக்கு: தோல் உரித்த பெங்களூர் தக்காளி அரைக் கிலோ, 3 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், தட்டிய பூண்டு 3 பல். நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பைத் தணிக்க ஒரு சிட்டிகை சர்க்கரை. இலையோடு ஒரு தண்டை முழுசாகப் போட்டு 20 நிமிடம் கொதிக்கவிட்டு, தண்டை எடுத்து எறிந்துவிடுங்கள். அடுப்பை அணைத்ததும் எட்டுப் பத்து இலையைக் கிள்ளிப்போட்டு இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். கத்தியால் நறுக்குவதானால் இலை காய்ந்திருக்க வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும். மொக்கைக் கத்தி இலையை நசுக்கும், ஓரமெல்லாம் கறுக்கும்.

கல்லுரல் பதில்:

பறிக்கும்போது தனித்தனி இலையாகக் கிள்ளாதீர்கள். ஓர் இலை ஜோடிக்குச் சற்று மேலே தண்டோடு வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். மொட்டு தெரிந்த அன்றே கிள்ளிவிடுங்கள். ஒரு கிளையை மட்டும் பூக்கவிட்டால் சப்ஜா விதை கிடைக்கும். கால் மணி நேரம் ஊறவைத்த ஒரு ஸ்பூன் விதையும், சர்க்கரையோடு கரண்டியால் லேசாக நசுக்கிய ஏழெட்டு இலையும் எலுமிச்சைச் சாற்றில் போட்டால் வெயிலுக்கு அருமை. இதற்கு மட்டும் மிக்ஸி வேண்டாம், சாறு கலங்கிப் பச்சை நெடி அடிக்கும்.