ஒரு மெத்தியோனின் கூடுதல்: இதுவா "அச்சு அசல்" மனிதப் புரதம்?

புரதப்பித்தன்:
தட்டில் வளர்க்கும் செல்லுக்குப் போட எந்த ஜி-சி.எஸ்.எஃப் (வெள்ளையணுவைப் பெருக்கும் புரதம்) வாங்கலாம் என்று ஒரு முதலாமாண்டு ஆய்வு மாணவி கேட்டதற்கு நேற்று இங்கே வந்த பதில்: "ஈ.கோலை பாக்டீரியாவுல செஞ்ச ஜி-சி.எஸ்.எஃப் வாங்கிக்கோம்மா, உடம்புல இருக்கறதும் அதுவும் அச்சு அசல் ஒண்ணுதான்." அச்சு அசலா? உடம்பில் இருப்பது 174 அமினோ அமிலம். ஈ.கோலை தருவது 175. முன்வரிசையில் ஒரு மெத்தியோனின் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. 133-ஆவது இடத்து த்ரியோனினில் தொங்க வேண்டிய சர்க்கரைச் சங்கிலியும் கிடையாது. எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

பிப்பெட் பாண்டி:
அந்தப் பதில் நான் போட்டது. பேரைச் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். 175-ல ஒண்ணு சார், ஒண்ணே ஒண்ணு! செல் மேல இருக்கற ரெசெப்டர் ஜாதகம் பாத்தா புரதத்தோட ஒட்டுது? இதே 175 அமினோ அமிலச் சரக்குதான் ஃபில்கிராஸ்டிம்ங்கற பேர்ல 1991-லேர்ந்து நோயாளிகளுக்கே ஊசியா போகுது. வெள்ளையணு ஏறுது. உங்க தட்டுல வளர்ற செல் அவங்களைவிட ஒசத்தியோ?

புரதப்பித்தன்:
வேலை செய்கிறது என்பது வேறு, அச்சு அசல் என்பது வேறு. வளர்ச்சி ஹார்மோன் கதை கேள்விப்பட்டதுண்டா? 1985-ல் வந்த சோமட்ரெம் என்ற வளர்ச்சி ஹார்மோன் மருந்திலும் இதே கூடுதல் மெத்தியோனின்தான். 191 இருக்க வேண்டிய இடத்தில் 192. பிறகு அதைக் கழித்துவிட்டு வந்த 191-தான் நிலைத்தது. எதற்குக் கழித்தார்கள், பொழுது போகாமலா?

நொதியழகி:
சோமட்ரெம் எடுத்தவர்களுக்கு எதிர்ப்புரதம் உண்டானதில், ஆரம்பகாலத் தயாரிப்போடு ஒட்டி வந்த பாக்டீரியாப் புரதங்களுக்கும் பங்கு உண்டு. பாவம், எல்லாப் பழியையும் அந்த மெத்தியோனின் தலையிலேயே போடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது வேறு: எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து ஒட்டி வரும் நச்சு. ஈ.கோலைச் சரக்கு என்றால் முதல் பயம் அதுதான். மோனோசைட் என்ற வெள்ளையணுவில் ஒரு சைட்டோகைன் (செல்களுக்குச் சேதி சொல்லும் புரதம்) போட்டு, அழற்சியைக் காட்டும் டி.என்.எஃப் ஜம்மென்று ஏறுகிறது என்று மூன்று மாதம் தலைகால் புரியாமல் ஆடினேன். ஒருநாள் அதே புரதத்தை 95 டிகிரியில் கொதிக்க வைத்துவிட்டுப் போட்டேன். புரதம் செத்திருக்க வேண்டும், எண்டோடாக்சின் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. டி.என்.எஃப் அதே உயரத்தில் நின்றது. மூன்று மாதமும் குப்பைக்கு.

புரதப்பித்தன்:
அனுதாபங்கள். ஆனால் இந்தத் திரி அதைப் பற்றி இல்லை. 174-ஆ, 175-ஆ?

பிப்பெட் பாண்டி:
இன்சுலினுக்கு என்ன சொல்றீங்க? 1982. ஈ.கோலை. 51 அமினோ அமிலம், சர்க்கரைச் சங்கிலி தேவையே இல்ல. அச்சு அசலா இல்லையா?

புரதப்பித்தன்:
இன்சுலினில் ஒரு மெத்தியோனின்கூட இல்லை. அதனால்தான் அன்றைக்கு சயனோஜன் புரோமைடு என்ற வேதிப்பொருளைப் போட்டு, முன்னால் ஒட்டியிருந்த மெத்தியோனினில் மட்டும் வெட்ட முடிந்தது, இன்சுலின் சங்கிலி முழுசாகக் கையில் கிடைத்தது. வெட்டினார்கள், ஐயா! அச்சு அசலாக வேண்டும் என்றுதான் வெட்டினார்கள். என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி. இன்னொன்று: சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சர்க்கரை. அது இல்லாவிட்டால் தட்டில் வேலை செய்யும், உடம்பில் சீக்கிரமே காணாமல் போகும். ஏன் அதை, சர்க்கரைச் சங்கிலி மாட்டத் தெரிந்த சி.ஹெச்.ஓ என்ற வெள்ளெலி செல்லில் செய்கிறார்கள் என்று யோசியுங்கள்.

பிப்பெட் பாண்டி:
பொண்ணு கேட்டது ஜி-சி.எஸ்.எஃப். அதுவும் தட்டுல போட. நீங்க ஏன் எரித்ரோபொயட்டின் வீட்டுக்கு ஓடறீங்க?

சொல்லாய்வன்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். "சரக்கு" என்பது என்ன சொல்? "மறுசேர்க்கைப் புரதம்" என்று எழுதினால் கை வலிக்குமா?

பிப்பெட் பாண்டி:
மொதல்ல மெத்தியோனினுக்குத் தமிழ் சொல்லுங்க, அப்புறம் வலிக்குதான்னு பாக்கறேன்.

புரதப்பித்தன்:
பேச்சை மாற்றாதீர்கள். 175.

பிப்பெட் பாண்டி:
எண்ணிக்கைல புலிதான். போன வருஷம் "குப்பி காலி, ஏமாத்திட்டாங்க"ன்னு நாலு பக்கம் எழுதினது யாரு? 10 மைக்ரோகிராம் பொடி கண்ணுக்கே தெரியாது. மூடில ஒட்டியிருந்திருக்கும். தொறக்கறதுக்கு முன்னாடி சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு சுத்து சுத்தியிருந்தா அடில எறங்கியிருக்கும். நீங்க மூடியைக் கழட்டிக் குப்பைல போட்டீங்க. அதுல எத்தனை அமினோ அமிலம் போச்சுன்னு எண்ணினீங்களா?

புரதப்பித்தன்:
புரதக் கரைசலை வார்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைத்து நுரை தள்ளவிட்டவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். அந்த நுரையின் படத்தை நீங்களேதான் பெருமையாகப் போட்டிருந்தீர்கள். எடுத்து வைத்திருக்கிறேன்.

நொதியழகி:
யாராவது அந்தப் பெண்ணிடம் எண்டோடாக்சின் அளவைப் பார்க்கச் சொன்னீர்களா?

முதலாமாண்டு:
அக்கா, குப்பி வந்துடுச்சு. ஆனா உள்ள ஒண்ணுமே தெரியல. காலியா அனுப்பிட்டாங்களா?

பிப்பெட் பாண்டி:
தொறக்காதம்மா! மொதல்ல சுத்து!

புரதப்பித்தன்:
குப்பியோடு வந்த தாளில் எத்தனை அமினோ அமிலம் என்று போட்டிருக்கிறது? படம் எடுத்துப் போடவும்.