சைக்கிள் வாங்கப் போகிறான் தினேஷ்

தினேஷ்: காரோசெல் பழைய பொருள் விற்கும் ஆப்பில் ஒரு மடக்கு சைக்கிள் பார்த்தேன். 20 அங்குலச் சக்கரம், 280 சிங்கப்பூர் வெள்ளி. மழை வந்தால் மடக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறிவிடலாம். இன்றிரவே பேநவில் பணம் அனுப்பினால் விற்பவர் எனக்கே தருகிறாராம். அனுப்பவா?

சித்தப்பா: ஓட்டிப் பார்த்தாயா?

தினேஷ்: படம் பார்த்தேன் சித்தப்பா, புதுசு மாதிரி இருக்கிறது

சித்தப்பா: படத்தையா ஓட்டப் போகிறாய்

சித்தப்பா: போன வருடம் நானும் கடைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று 600 வெள்ளி கொடுத்தேன். புங்கோல் பார்க் கனெக்டரில் அரை மணி நேரம் ஓட்டுவதற்குள் கை மரத்து, கழுத்து பிடித்து, அப்புறம்தான் தெரிந்தது ஹேண்டில் எனக்கு எட்டாத தூரம் என்று. சீட்டை முன்னால் தள்ளினேன், முட்டி வலி வந்தது.

சித்தி: இப்போது அதில் என் மிதியடி காய்கிறது

மீனா அக்கா: 😂 தினேஷ், எம்ஆர்டிக்கு என்றால் மடக்கிய பிறகு 120க்கு 70க்கு 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், டேப் கொண்டுபோ. மடக்கித் தூக்கியும் பார். என்னுடையது 13 கிலோ, டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுவதற்குள் இடுப்பு போய்விடும்.

தினேஷ்: ஓட்டிப் பார்க்கத் தருவாரா?

சித்தப்பா: பணத்தைக் கையில் கொடுத்து வைத்துவிட்டுக் கேள், தருவார். புளோக்கைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. ஏற்றத்தில் நன்றாக அழுத்தி மிதி, தேய்ந்த சங்கிலி என்றால் அங்கேதான் பல்சக்கரத்தில் வழுக்கும், சமதரையில் சமர்த்தாக இருக்கும். பிரேக்கை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார். ஒரு கைப்பிரேக்காவது வேலை செய்ய வேண்டும் என்பது 2021இலிருந்து சட்டம்.

சித்தப்பா: முக்கியமானதை விட்டுவிட்டேன். பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். நீயோ ஆறடி. சீட் தண்டில் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு இழுக்கக்கூடாது.

(மறுநாள் மாலை)

தினேஷ்: கோடு தெரிகிற வரை இழுத்தும் முட்டி ஹேண்டிலில் இடிக்கிறது சித்தப்பா. அவரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்ல மனுஷன், கோபப்படவில்லை.

மீனா அக்கா: ஒரு நிமிடம். சித்தப்பாவுக்கு எட்டாத ஹேண்டில் ஆறடிக்காரனுக்கு எட்டும்தானே?

தினேஷ்: அது மடங்காதே அக்கா

மீனா அக்கா: மழைக்கு ரெயின்கோட் போடு

சித்தப்பா: சும்மா தரமாட்டேன். முதலில் ஓட்டிப் பார்க்கட்டும்.

சித்தி: சனிக்கிழமை வா. மிதியடியை எடுத்துவைக்கிறேன்.