செம்பனைக் குலைக் கணக்குச் செயலி: கோட்லினா, ஃபிளட்டரா?

சிப்புட் நிரலர்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் ஒன்றுக்கு, அறுவடைக் குலைகளை எண்ணிப் பதியும் கைப்பேசிச் செயலியைப் புதிதாக எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருப்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நேற்றுக் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும், மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளர் ஒருவருடன் நிரை நிரையாக நடந்து பார்த்தேன். அவர் குலைக் குவியலைப் படமெடுத்து, வெட்டுக்காரரின் எண்ணையும் குலைகளின் எண்ணிக்கையையும் இட்டு, பதிவுப் பொத்தானைத் தொட்டார். திரை அசையவில்லை. கையுறையைக் கழற்றி, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டார். 23 குலைகள் இரண்டு முறை பதிவாகிவிட்டன.

கைப்பேசியின் நினைவகம் 2 ஜிகாபைட்; செம்பனைக் காட்டுக்குள் இணையத் தொடர்பும் கிடையாது. ஆண்ட்ராய்டுச் செயலிகளுக்கு வழக்கமான கோட்லின் மொழி, ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலாக எழுத உதவும் ஃபிளட்டர்: இந்த இரண்டில் எது வேகமானது என்று மட்டும் சொல்லுங்கள்.

பால்வெளி:
வேகம் மட்டுமே அளவு என்றால் கோட்லின்தான். அது ஆண்ட்ராய்டின் சொந்த இயக்கச் சூழலிலேயே ஓடுகிறது. ஃபிளட்டர் செயலியோ, ஒவ்வொரு பொத்தானையும் எழுத்தையும் தானே வரைந்துகொள்வதற்காக ஒரு வரைகலை எந்திரத்தைக் கூடவே சுமந்து வருகிறது. அதனால் செயலியின் பருமனும் கூடுகிறது, நினைவகச் செலவும் கூடுகிறது. ரியாக்ட் நேட்டிவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு கரையில், திரை மறுகரையில், நடுவே ஒவ்வொரு செய்தியையும் எழுத்துச் சரமாக மாற்றிக் கடத்தும் ஒரு பாலம். மண்டோரின் விரல் காத்திருந்தது அந்தப் பாலத்துக்காகத்தான்.

அளவுகோல்:
பாலத்தைப் பற்றிப் பால்வெளி சொல்வது பழைய கதை. ரியாக்ட் நேட்டிவுக்காக 2019இல் வெளிவந்த ஹெர்மீஸ் எந்திரம் ஜாவாஸ்கிரிப்டை முன்கூட்டியே பைட்கோடாக, அதாவது விரைவில் ஓடக்கூடிய இடைநிலைக் குறிகளாக, மாற்றிவிடுகிறது. 2024இல் வந்த ரியாக்ட் நேட்டிவ் 0.76 பதிப்பிலிருந்து பாலம் இல்லாத கட்டமைப்பே இயல்பானதாகிவிட்டது. ஃபிளட்டரின் டார்ட் மொழி, பயனருக்கு வெளியிடும் ரிலீஸ் பதிப்பில் நேரே ஏஆர்எம் சில்லின் இயந்திர மொழியாகவே கைப்பேசிக்கு வருகிறது. கோட்லின் அப்படி வருவதில்லை. ஆண்ட்ராய்டு 7 முதல் இயங்குதளம், அடிக்கடி ஓடும் பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, கைப்பேசி இரவில் சார்ஜில் சும்மா கிடக்கும்போதுதான் அவற்றை இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. ஆகவே, நிறுவிய முதல் நாளில் தடுமாறக்கூடியது உங்கள் கோட்லின்தான்.

இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பொத்தானைத் தொட்டபோது கைப்பேசி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லையே? 13 மெகாபிக்சல் படக் கோப்பு ஒன்றைத் திரையில் காட்ட முழுமையாக விரித்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 52 மெகாபைட் நினைவகம் போய்விடும். நீளத்தையும் அகலத்தையும் கால் பங்காகக் குறைத்து விரித்தால் அது பதினாறில் ஒரு பங்காகி, மூன்றேகால் மெகாபைட்டில் அடங்கும். கோட்லினில் எழுதினாலும் டார்ட்டில் எழுதினாலும், படத்தை விரிப்பது அடித்தளத்தில் உள்ள சி வகை நூலகம்தான். அந்த 52 மெகாபைட்டை எந்த மொழியாலும் குறைத்துத் தர முடியாது, எழுதுபவர்தான் குறைக்க வேண்டும்.

பால்வெளி:
முதல் நாள் தடுமாற்றத்துக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பகுதிகளை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லும் பேஸ்லைன் புரொஃபைல் பட்டியலைச் செயலியோடு சேர்த்து அனுப்பினால், முதல் திறப்பிலிருந்தே நிரல் ஓடும் வேகம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடும் என்பது கூகுள் தரும் கணக்கு.

படத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால், நினைவகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். மண்டோர் படமெடுக்கக் கேமராவைத் திறந்ததும் நம் செயலி பின்னணிக்குப் போய்விடுகிறது; 2 ஜிகாபைட் கைப்பேசியில் கேமராவுக்கு இடம் போதாமல் போனால், ஆண்ட்ராய்டு பின்னணியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும். அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஆபத்தும் அதிகம். படமெடுத்துத் திரும்பும் மண்டோருக்குச் செயலி முதலிலிருந்து திறக்கும்; இட்டு வைத்த வெட்டுக்காரர் எண்ணும் போயிருக்கும். வரைகலை எந்திரத்தைச் சுமந்து வருவது எங்கே வலிக்கும் என்று கேட்டால், இங்கேதான் வலிக்கும்.

அளவுகோல்:
கேமரா விஷயத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அது நியாயமான வாதம். இருந்தாலும், கேமராவைச் செயலிக்குள்ளேயே திறக்கலாம், இட்ட எண்களை உடனுக்குடன் வரைவாகச் சேமிக்கலாம். கோட்லினில் எழுதினாலும் இந்த இரண்டையும் செய்தே ஆக வேண்டும்.

பழைய கிராணி:
எனக்கு இந்த மொழிகள் எதுவும் தெரியாது. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 23 குலை 46 ஆனால், சம்பள நாளில் வரிசை நிற்பது நிரல் எழுதியவரின் வாசலில் அல்ல, கிராணியின் மேசைக்கு முன்னால். எங்கள் காலத்துச் சீட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் எண் அச்சிட்டிருக்கும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் பேரேட்டில் ஏற்ற மாட்டோம். உங்கள் செயலியில் அப்படி ஒன்று கிடையாதா?

அளவுகோல்:
கிராணி ஐயா, நாங்கள் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிப் பேசியதை நீங்கள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டீர்கள். பதிவுத் திரை திறக்கும்போதே ஓர் எண்ணை உண்டாக்கி, தரவுத்தளத்தில் அந்த எண் ஒரு முறைதான் வரலாம் என்று விதித்துவிட்டால், மண்டோர் பத்து முறை தொட்டாலும் ஒரு பதிவுதான் ஏறும்.

பால்வெளி:
இரண்டாம் முறை ஏறாது என்பது சரி, ஐயா. ஆனால், திரை அசையாமல் நின்றால் மண்டோர் பத்து முறை தொட்டுக்கொண்டேதான் இருப்பார். தொடுதலைக் கவனிக்கும் முதன்மை இழை 5 விநாடி பதில் சொல்லாவிட்டால், செயலி இயங்கவில்லை, மூடவா என்று ஆண்ட்ராய்டே கேட்கும். அவர் மூடு என்பதைத் தொட்டுவிட்டால் உங்கள் சீட்டு எண் என்ன செய்யும்?

சிப்புட் நிரலர்:
பழைய செயலியின் மூலநிரல் இன்று மாலை கைக்கு வந்தது. படத்தை அவர்கள் சுருக்கவே இல்லை. முழுப் படக் கோப்பையும் பேஸ்64 எழுத்துகளாக மாற்றி, மூன்றில் ஒரு பங்கு பெருக்கவைத்து, எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்துக்குள் திணித்திருக்கிறார்கள். அந்த மாற்றம் முடியும்வரை வேறெதையும் கவனிக்க ஜாவாஸ்கிரிப்டுக்கு வழியில்லை. பொத்தானும் அதே வரிசையில்தான் காத்திருந்திருக்கிறது.

என் பக்கமும் ஒரு தவறு உண்டு. ஃபிளட்டர் மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்த்து, மெதுவாக இருக்கிறதே என்று மனத்துக்குள் தள்ளி வைத்திருந்தேன். நான் ஓட்டியது டீபக் பதிப்பு, அதாவது எழுதும்போது பிழை தேட வைத்துக்கொள்ளும் மெதுவான வடிவம். ரிலீஸ் பதிப்பை அதே கைப்பேசியில் ஓட்டியபோது, கோட்லின் மாதிரிக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை.

கோட்லினில்தான் எழுதப் போகிறேன். மண்டோர்கள் எல்லோரும் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. கேமராவைப் பற்றிய அச்சமும் எனக்குப் போகவில்லை.

அளவுகோல்:
தோட்ட நிர்வாகி ஒரு நாள் தம் ஐபோனிலும் கேட்பார், தம்பி. அப்போது இதையே ஐபோனுக்கான ஸ்விஃப்ட் மொழியில் இன்னொரு முறை எழுதுவீர்கள்.

பால்வெளி:
நிர்வாகி நிரைக்குள் நடப்பதில்லை. அவருக்கு ஓர் இணையப் பக்கம் போதும்.

பழைய கிராணி:
எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். சீட்டு எண்ணை மட்டும் திரையில் பெரிய எழுத்தில் காட்டுங்கள். மண்டோர்களில் பாதிப் பேர் கண்ணாடியை லயத்து வீட்டிலேயே மறந்துவிட்டு வருபவர்கள்.